மாஸ்டரின் டிடிபி கோப்பும் ஆல்டியம் டிசைனரும்

ஐப்பசி பிறந்தால் இலங்கை மலையகத்தில் எலக்ட்ரோனிக் சர்க்கிட் போர்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு நல்ல சீசன். காலையில் வெயில், பின்னேரம் இடி, மறுநாள் விடிந்தால் ஹட்டனில் என் கடை வாசலில் கருகின சாமான்கள். 2024 ஐப்பசியில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றிலிருந்து வந்ததும் அப்படி ஒன்றுதான். உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பிரித்ததும் தேயிலைத் தூசு மூக்கில் ஏறியது. ட்ரையரின் கண்ட்ரோல் போர்ட். நடுவில் நாற்பது காலுள்ள பிக் 16எஃப்877 சிப், ஒரு ஓரத்தில் கரண்டைப் போட்டு நிறுத்துகிற இரண்டு ரிலே, மறு ஓரத்தில் சென்சர் வயர் பூட்டுகிற கனெக்டர். ரிலே பக்கமிருந்து சென்சர் பக்கம் போன செப்புக்கோடு ஆவியாகிவிட்டது. அது இருந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கரி.

மூலையில் செப்பிலேயே சின்னதாக ஒரு ‘ம’. பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் மாஸ்டரின் கை. 2003இல் அவர் வரைந்த போர்ட் இது. செப்பைக் கரைக்கிற பெரிக் குளோரைட்டில் அதை ஆட்டி ஆட்டிக் கரைத்து, கையால் ஓட்டை போட்டவன் நான். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லை. இருபத்தொரு வருஷம் 200 பாகை ஃபாரன்ஹீட் காற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறது. (எங்கள் பெக்டரிகளில் இன்றைக்கும் ஃபாரன்ஹீட்தான். செல்சியஸில் காட்டினால் தேயிலை தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாமார் கருவியையே சந்தேகிப்பார்கள்.)

“தம்பி, இதே மாதிரி ஒன்று செய்ய ஏலுமா? புதுசா வாங்கினா வயரிங் முழுக்க மாத்தச் சொல்றாங்க” என்றார் டீமேக்கர். பார்க்கிறேன் ஐயா என்று சொல்லி அனுப்பினேன். பார்ப்பதற்கு என்னிடம் இருந்தது மாஸ்டரின் சீடி ஒன்று. அவர் 2016இல் போய்ச் சேர்ந்தார். அவர் மேசையைப் பிரித்தபோது எனக்கு வந்த சொத்து ஒரு சோல்டரிங் அயனும் பதினேழு சீடியும். அதில் ஒன்றில், பெக்டரி பேரோடு ஒரு டிடிபி கோப்பு, மாஸ்டர் கம்பியூட்டரில் வரைந்த போர்ட் படம் உள்ளது.

இந்த எழுத்து அந்தக் கோப்பைத் திறந்த, சர்க்கிட் போர்ட் வரைகிற மென்பொருளைப் பற்றியது. ஆல்டியம் டிசைனர். இலவசச் சோதனைக் காலத்தில் எடுத்துப் பாவித்தேன். காசு கொடுத்து வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். என் வயதுக்காரர்களுக்கு ‘ஆல்டியம்’ என்றால் யாரோ. ‘புரோட்டெல்’ என்றால் முகம் மலரும். இரண்டும் ஒன்றுதான். 1985இல் நிக் மார்ட்டின் என்பவர் ஹோபார்ட் நகரில் தொடங்கிய கம்பனி. ஹோபார்ட் இருப்பது டாஸ்மேனியாவில், அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே கிடக்கிற தீவு, அப்பிளுக்குப் பேர்போனது. மார்ட்டின் அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் சர்க்கிட் போர்ட் வரைகிற மென்பொருள் என்றால் பெரிய கம்பனிகள் பெரிய இயந்திரங்களில் ஓட்டுகிற சமாசாரம். மற்றவர்கள் ஒளிபுகும் தாளில் கறுப்பு டேப் ஒட்டிக் கோடு போட்டார்கள். மாஸ்டரே அப்படித்தான் தொடங்கினார். டேப் ஒட்டிய ஒரு தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, கோந்து காய்ந்து கோடுகள் உதிர்கின்றன. மார்ட்டின் செய்தது, சாதாரண டொஸ் கம்பியூட்டரில் ஓடுகிற மாதிரி ஒன்றை எழுதியது. தலைநகரத்திலிருந்து தூரத்தில், பெரிய கம்பனிகளின் வாசலே தெரியாத ஒரு தீவு ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஹட்டனில் கடை வைத்திருக்கிறவனுக்குப் பிடிக்காமல் போகுமா?

டொஸ் காலத்தில் அவர்களுடைய ஈஸிட்ராக்ஸும் ஆட்டோட்ராக்ஸும் ஓடின. 1991இல் விண்டோஸுக்கு வந்தார்கள். போர்ட் வரைகிற மென்பொருள் விண்டோஸில் வருவது அதுதான் முதல் தடவை என்று கம்பனியே சொல்லிக்கொள்ளும். 1999இல் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தைக்குப் போனார்கள். அதை ஒட்டி வந்ததுதான் புரோட்டெல் 99 எஸ்ஈ. மாஸ்டர் பாவித்தது அது. நான் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

அது எப்படி எங்களிடம் வந்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது. கொழும்பில் 250 ரூபாய்க்கு வாங்கிய சீடி. கவரில் வேறு நாலு மென்பொருளின் பேரும் இருந்தன, சீரியல் நம்பர் ஒரு நோட்பேட் கோப்பில். அப்போது எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் கற்றோம். பெருமையாகச் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே கம்பனி தன் பழைய ஈஸிட்ராக்ஸையும் ஆட்டோட்ராக்ஸையும் பின்னாளில் இலவசமாகவே விட்டுவிட்டது. ஒற்றைப் பக்க போர்ட் வரைகிற எங்களுக்கு அதுவே தாராளம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் தேடவில்லை.

சரி, கோப்புக்கு வருகிறேன். 99 எஸ்ஈயில் புது வேலை தொடங்கினால் முதலில் ஒரு கேள்வி வரும், எந்த மாதிரி சேமிப்பது என்று. ஒன்று, சாதாரண விண்டோஸ் கோப்புறைகளாக. மற்றது, எல்லாவற்றையும் ஒரே டிடிபி கோப்புக்குள். சர்க்கிட் படம், போர்ட், பாகங்களின் படங்கள் உள்ள லைப்ரரி, குறிப்பு எல்லாம் ஒரே மூட்டை. உள்ளுக்குள் பார்த்தால் அது மைக்ரோசொப்ட் ஆக்சஸ் தரவுத்தளம். வசதிதான், ஆனால் மூட்டையில் ஒரு இடம் கெட்டால் மொத்தமும் போகும். அதற்காகவே மாஸ்டர் ஒவ்வொரு வேலையையும் மூன்று சீடியில் எழுதுவார், மூன்றும் வெவ்வேறு கம்பனி சீடி. ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இந்த மலையில் சீடிக்கும் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாவதைக் கம்பியூட்டர் வாசித்தது.

ஆல்டியம் டிசைனரை இறக்குவதே ஒரு வேலை. பல ஜிபி கனம். எங்களுக்கு இரவு டேட்டாதான் மலிவு, அதனால் நடுச்சாமம் பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்து தொடங்கினேன். என் லப்டொப் செக்கண்ட் ஹேண்ட், 8 ஜிபி ரேம். அதற்கு இது பெரிய சுமை. தொடங்குவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். 16 ஜிபி இல்லாதவர்கள் யோசித்து இறங்குங்கள். விண்டோஸில் மட்டும்தான் ஓடும், லினக்ஸ்காரர்களுக்கு இடமில்லை.

இம்போர்ட் விசார்ட் என்று ஒன்று இருக்கிறது. வரிசையில் 99 எஸ்ஈ டிடிபி என்று இன்றைக்கும் பேர் போட்டு வைத்திருக்கிறார்கள். கோப்பைக் காட்டி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட். மூட்டை பிரிந்து, சர்க்கிட் படம் தனிக் கோப்பு, போர்ட் தனிக் கோப்பு, லைப்ரரி தனிக் கோப்பு என்று ஒரு கோப்புறைக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தது. போர்ட்டைத் திறந்தேன். கறுப்புத் திரையில் நீலக் கோடுகள். மூலையில் ‘ம’.

அந்த ‘ம’வைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 99 எஸ்ஈயில் தமிழ் எழுத்துருவுக்கு வழி இல்லை. அதனால் மாஸ்டர் அதை எழுத்தாக எழுதவில்லை, செப்புக்கோடாக வரைந்திருக்கிறார். நேர்க்கோடுகள், ஒரு வளைவு, எல்லாம் 10 மில் தடிப்பு (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடிப்பக்கம் என்பதால் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரைந்திருக்கிறார், போர்ட்டைக் கவிழ்த்தால் நேராகத் தெரிய. இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு, வேறு பேர் வைத்துக்கொண்ட மென்பொருளில், ஒரு கோடு பிசகவில்லை. கம்பனி எத்தனை கை மாறினாலும் பழைய கோப்பைக் கைவிடவில்லை என்பதற்கு நான் முழு மார்க் போடுகிறேன். இந்தத் தொழிலில் அது எல்லாருக்கும் வாய்க்கிற குணமில்லை.

அப்புறம் விரல்கள். க்யூவைத் தட்டினால் மில்லில் இருந்து மில்லிமீட்டர். பி, டி தட்டினால் கோடு போடத் தொடங்கும். பி, வி தட்டினால் வயா, அதாவது ஒரு பக்கத்துக் கோட்டை மறுபக்கத்தோடு சேர்க்கிற ஓட்டை. மாஸ்டர் ஒரு அட்டையில் எழுதி மொனிட்டரில் ஒட்டியிருந்த அதே சாவிகள். யோசிக்காமல் கை போனது, மென்பொருளும் கூடவே வந்தது. புதிதாக மூன்றாம் நம்பரைத் தட்டினால் போர்ட் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கிறது. ரிலே எவ்வளவு உயரம், மூடி மூடுமா, ஸ்குரூ ஓட்டைக்கு மேல் கொண்டென்சர் இடிக்குமா என்று சுழற்றிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் நாங்கள் கடதாசியில் ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரிண்ட் எடுத்து, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தட்டில் வைத்து, சாமான்களைக் குத்திப் பார்ப்போம்.

ஆனால் நான் உண்மையில் பயன்பெற்றது விதிகளில். போர்ட் ஏன் எரிந்தது என்று பார்க்க வேண்டுமல்லவா? சென்சர் வயர் ட்ரையர் வாயிலிருந்து இருபது மீட்டர் ஓடி வருகிறது. பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்தால் அந்த வயர் அன்டெனா மாதிரி. இன்னொரு பக்கம் ரிலேயில் 230 வோல்ட். மாஸ்டர் வரைந்ததில் இந்த இரண்டின் கோடுகளுக்கும் நடுவே 40 மில், அதாவது ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. புதிதில் போதியிருக்கும். வருஷக்கணக்காகத் தேயிலைத் தூசு படிந்து, அதில் பனிக்காலத்து ஈரமும் சேர்ந்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரு பாதை ஆகிவிடும். மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. போர்ட் சின்னதாக இருந்தால்தான் பெட்டிக்குள் போகும் என்று பெக்டரியில் சொன்னார்கள், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆல்டியத்தில் 230 வோல்ட் கோடுகளை ஒரு குழுவாக்கி, இந்தக் குழுவுக்கும் மற்ற எதற்கும் நடுவே 6 மில்லிமீட்டர் வேண்டும் என்று ஒரு விதி எழுதினேன். எழுதி முடித்து சோதனை போட்டதும் போர்ட்டில் பதினான்கு இடம் பச்சையானது. கொழுந்துப் பச்சை இல்லை, கண்ணைக் குத்துகிற பச்சை. எந்த இடத்தில் எரிந்ததோ அந்த இடமும் அதில் ஒன்று. போர்ட்டை மேசையில் வைத்து, திரையைப் பார்த்து, கரிக்கோட்டைப் பார்த்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 99 எஸ்ஈயிலும் இப்படி விதி எழுதும் வசதி இருந்தது. நாங்கள்தான் எழுதவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கோடுகளைத் தள்ளித் தள்ளி நகர்த்தினேன். மென்பொருளுக்குள் கோடு போடுகிற ‘ரூட்டர்’ வசதி புதிது, ஒரு கோட்டை இழுத்தால் பக்கத்துக் கோடுகள் தாமாக ஒதுங்கி வழி விடுகின்றன. பஸ்ஸில் ஏறினால் இப்படி யாரும் ஒதுங்குவதில்லை. ரிலேக்குக் கீழே ஒரு பிளவு வெட்டினேன், சென்சர் வாயில், திடீரென்று ஏறுகிற வோல்ட்டை உறிஞ்சுகிற ஒரு வாரிஸ்டரும் சேர்த்தேன்.

உயரம் பற்றி ஒரு இடைக்குறிப்பு. எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு இடைவெளி என்று சொல்கிற அட்டவணைகள் கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் வரைக்கும் போட்டவை. அதற்கு மேலே காற்று மெலிவதால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர். ஆகவே எங்கள் பெக்டரிகள் தப்பிவிடுகின்றன. அதற்கும் மேலே நிற்கிற பிதுருதலாகலை மலை உச்சிக்குப் போர்ட் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் வாங்கவில்லை?

விலை. நான் பார்த்தபோது வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர். 2022இல் ரூபாயை மிதக்க விட்டபோது 200 ரூபாய் டாலர் இரண்டு மாதத்தில் 360 ஆனதைப் பார்த்தவன் நான். டாலரில் வருஷா வருஷம் கட்டுகிற எதையும் கண்டால் எனக்குக் கை நடுங்குகிறது. கொழும்பில் ஏற்றுமதிக்கு வேலை செய்கிற டிசைன் கம்பனிக்கு இது நியாயமான செலவாக இருக்கலாம். எட்டு, பத்துச் செப்பு லேயர் அடுக்கிய போர்ட் செய்கிறவர்கள், பத்துப் பேர் ஒரே வேலையில் கைவைக்கிறவர்கள், அவர்களுக்காகத்தான் இப்போது இதைச் செய்கிறார்கள். வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு போர்ட் செய்கிற எனக்கு இல்லை.

அது ஒரே நாளில் நடந்த மாற்றமும் இல்லை. 2001இல் புரோட்டெல் என்ற பேரை விட்டு ஆல்டியம் ஆனார்கள். அதை ஒட்டி பிகாட் மென்பொருளை வைத்திருந்த அக்செல், புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர் செய்யும் டாஸ்கிங் என்று வாங்கிச் சேர்த்தார்கள். போர்ட், சிப்புக்குள் எழுதுகிற லொஜிக், அதில் ஓடுகிற புரோகிராம் மூன்றையும் ஒரே ஜன்னலுக்குள் கொண்டுவருவது மார்ட்டினின் கனவு. அதற்கென்று நேனோபோர்ட் என்று ஒரு கருவியே விற்றார்கள். கனவு பெரியது, சந்தை அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் கணிப்பு. 2011இல் தலைமையகத்தைச் சிட்னியிலிருந்து ஷாங்காய்க்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். அடுத்த வருஷம் தொடங்கியவரே தலைமைப் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பிறகு கலிபோர்னியா. 2014இல் தலைமைக்கு வந்த ஆரம் மிர்காசெமி காலத்தில் அந்தப் பெரிய கனவை ஓரங்கட்டி, போர்ட் வரைவதிலேயே மறுபடி ஊன்றிக்கொண்டார்கள். பாகங்களைத் தேடும் ஒக்டோபார்ட்டை 2015இல் வாங்கியது நல்ல வேலை. நானே தினமும் பாவிக்கிறேன், அது இலவசம்.

2021இல் ஆட்டோடெஸ்க் சுமார் 5 பில்லியன் அவுஸ்திரேலிய டாலர் தருகிறேன் என்றது, ஆல்டியம் வேண்டாம் என்றது. மூன்று வருஷம் கழித்து, 2024 ஓகஸ்டில், ஜப்பானின் ரெனேசாஸ் 9.1 பில்லியனுக்கு வாங்கி முடித்தது. காத்திருந்தது வீண் போகவில்லை. ஆனால் ரெனேசாஸ் சிப் செய்து விற்கிற கம்பனி. படம் வரைகிற மேசை சிப் விற்கிறவர் கையில். அவர்கள் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், எல்லாருடைய சிப்பும் முன்போலவே லைப்ரரியில் கிடைக்கலாம். ஆனாலும் கொழுந்து நிறுக்கிற தராசு யார் கையில் என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. என் அம்மா இருபத்தெட்டு வருஷம் அந்தத் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்.

ஆகவே சோதனைக் காலம் முடிவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்தேன். போர்ட் தயாரிக்கிற இடத்துக்குத் தேவையான கெர்பர் கோப்புகளை எடுத்தேன், எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கினேன். அதே கோப்புகளைக் கிகாட் என்ற இன்னொரு போர்ட் வரைகிற மென்பொருளில் திறந்து பார்த்தேன். கிகாட் முழுக்க இலவசம். 1992இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ஜான் பியர் ஷராஸ் என்ற ஆசிரியர் தொடங்கியது, 2013இலிருந்து ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வுகூடமும் கைகொடுத்தது. கிரெனோபிளும் மலை சூழ்ந்த ஊர் என்று அறிந்தபோது கொஞ்சம் சந்தோஷம். கிகாட் ஆல்டியம் கோப்பை வாங்கிக்கொள்கிறது. செப்புப் பரப்புகளை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது, இரண்டு எழுத்து அளவு மாறியிருந்தது, மற்றபடி சரி. ‘ம’ இருந்த இடத்தில் இருந்தது. சாவிகள்தான் வேறு. கோடு போட எக்ஸ். இன்னும் என் விரல் பி, டி என்று போய்த் தடுக்குகிறது.

என் தீர்ப்பு: மென்பொருளாகப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது. ஹட்டன் மெயின் வீதிக் கடைக்காரனின் பொக்கெட்டிலிருந்து பார்த்தால் நாலு. காசு கொடுக்கிற கம்பனியில் வேலை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள், தம்பிமாரே. சொந்தமாகத் தொடங்குகிறவர்கள் கிகாட்டில் தொடங்குங்கள். 250 ரூபாய் சீடிக் காலம் முடிந்தது, அதற்கு இனித் தேவையும் இல்லை.

ஐந்து போர்ட் வந்தன. கார்த்திகையில் ஒன்றைப் பூட்டினோம். பச்சைப் பூச்சுக்கு மேலே ஈரம் புகாத வார்னிஷும் அடித்தேன். டீமேக்கர் ஐயா கொஞ்ச நேரம் டிஸ்பிளேயையே பார்த்துக்கொண்டு நின்றார், 198, 199, 201. ஃபாரன்ஹீட்தானே என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

பழைய டிடிபி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். சீடியிலிருந்து நேராகத் திறக்காதீர்கள், முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுங்கள். சோதனைக் காலத்தைத் தொடங்கும் முன்பே எல்லாப் பழைய கோப்புகளையும் ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றோடு தொடங்கினேன். மாஸ்டரின் பதினேழு சீடியில் பதினொன்றை மாற்றுவதற்குள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது. மிச்சம் ஆறில் மூன்று பூஞ்சணம். மற்ற மூன்றும் அலுமாரியில், இன்னொரு பழைய போர்ட் எரிந்து வரும்வரை.